ச்சீ சாரும் நல்ல கிருமிகளும்

உணவகங்களின் சமையலறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து மூடிகளைத் திறந்து பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். அடையாள அட்டையில் ‘சுகாதார ஆய்வாளர்’ என்றிருக்கும். ஊருக்குள் அவர் ‘ச்சீ சார்’. அண்டாவைத் திறந்தால் ‘ச்சீ’, ஃப்ரிட்ஜைத் திறந்தால் ‘ச்சீ ச்சீ’, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனால் வார்த்தையே வராது, கைக்குட்டைதான் வரும். அவருடைய ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சமையல்காரர்கள் தலைக்குல்லாவைத் தேடுவார்கள் என்பது உண்மை. எலிகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு அடுத்த வார்டுக்குக் குடிபெயர்ந்துவிடும் என்பதைச் சத்தியம் செய்து சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள்.

வீட்டில் இன்னும் மோசம். சோப்பைக் கழுவிவிட்டுத்தான் கை கழுவுவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த மனைவி கழுவிக் கவிழ்த்த டம்ளரை அவள் கண்ணெதிரிலேயே எடுத்து மறுபடி கழுவுவார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கமாட்டார். பிடிக்காமல் நின்று, டிரைவர் பிரேக் போட்டபோதெல்லாம் யார் யார் மடியிலோ போய் உட்கார்ந்திருக்கிறார். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு மகள் எப்படித்தான் பிறந்தாள் என்று ஆபீஸில் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். அந்த மகள் படிப்பு முடிந்த கையோடு வேற்றூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். ஒரு டம்ளரை ஒரு தடவை மட்டும் கழுவி வாழ்கிற சுகம் அவளுக்கு அங்கேதான் கிடைத்தது.

கீழ் ஈறில் புண் வந்தபோது அவர் யாரிடமும் காட்டவில்லை. பல் டாக்டர் வாய்க்குள் விரலை விடுவார், அந்த விரல் அதற்கு முன்னால் எந்த வாய்க்குள் இருந்ததோ! உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக் கொப்பளித்தே மாதங்களை ஓட்டினார். புண் வளர்ந்து, பல் ஆடி, தலையணையில் நாற்றம் ஒட்டிக்கொண்ட பிறகு, ஒரு காலையில் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“என்னங்க, ஊர் வாயெல்லாம் நாறுதுன்னு சொன்னீங்களே. உங்க பக்கத்துல படுக்க முடியல. கிளம்புங்க.”

புற்றுநோய் என்று சோதனை சொன்னது. புகையும் குடியும் கிட்டவே வராத வாய். “எனக்கு எப்படி டாக்டர்?” என்று கேட்டபோது அவர் குரலில் பயத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது, சோதனைக்குப் போன கடையில் தன்னுடைய சட்டைப்பையிலிருந்தே கரப்பான்பூச்சி விழுந்தமாதிரி.

பெரிய டாக்டரம்மா குள்ளமான பெண்மணி. எதைச் சொன்னாலும் காய்கறி விலை சொல்வதுபோலச் சொல்வாள்.

“தாடை எலும்புல ஒரு துண்டை எடுக்கணும் சார். அந்த இடத்துல உங்க இடது கால்லேருந்து ஒரு எலும்பை, மேல இருக்கிற தோலோட எடுத்து வச்சுத் தைப்போம். கால் ரத்தக்குழாயைக் கழுத்து ரத்தக்குழாயோட இணைச்சுட்டா அது அங்கேயே உயிர் பிடிச்சுக்கும்.”

“காலா?”

“கால்தான்.”

“கால் தோல்… வாய்க்குள்ளயா?”

“ஆமா. முதல்ல கொஞ்சம் முடிகூட முளைக்கும். அப்புறம் கதிர் சிகிச்சை குடுக்கிறப்போ கொட்டிடும். கவலைப்படாதீங்க.”

ச்சீ சாருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து மூலையிலிருந்த வாஷ்பேசினுக்கு ஓடினார். அதன் விளிம்பில் படிந்திருந்த மஞ்சள் கறையைப் பார்த்ததும் வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“வாயைக் கழுத்து வரைக்கும் திறக்கிறோம். எச்சில் உள்ள இறங்கும். அதுல இருக்கிற கிருமி சும்மா இருக்காது. அதனால கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுடுவோம். ஆபரேஷன் நீளமா போனா நடுவுல இன்னொண்ணு. மறுநாளோட நிறுத்திடுவோம்.”

“என் வாய்ல கிருமி அவ்வளவு இருக்காது டாக்டர். நான் மூணு வேளை தேய்க்கிறேன்.”

“தேய்ங்க. அதுங்களுக்கும் குளிச்ச மாதிரி இருக்கும்.” மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். “எல்லார் வாய்லயும் கோடிக்கணக்குல இருக்கு சார். என் வாய்லயும்தான்.”

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அப்படின்னா ஒரே நாள் மருந்து எப்படிப் போதும்? பத்து நாள் குடுங்க. பதினஞ்சு நாள் குடுங்க.”

“கத்தி வைக்கிற நேரத்துல மருந்து ரத்தத்துல ஓடிட்டிருக்கணும், அதுதான் முக்கியம். ஒரு காலத்துல நாங்களும் வாரக்கணக்குல ஊத்தினவங்கதான். சீழ் குறையல, பேதிதான் கூடுச்சு. உங்க குடல்ல நல்ல கிருமிங்க குடியிருக்கு. அதுங்களையும் சேர்த்துக் கொன்னா, காலி வீட்டுல ரவுடி பூந்துக்குவான்.”

நல்ல கிருமி! வீடு வரும்வரை அவர் அந்த வார்த்தையை மென்றுகொண்டே வந்தார். கிருமியில் நல்லது கெட்டது உண்டு என்றால், ஆய்வாளர் உத்தியோகம் எதற்கு? நல்ல கரப்பான், கெட்ட கரப்பான் என்று பிரித்துவைத்துக் காபி கொடுத்து அனுப்பலாமே. அந்த அம்மாள் படித்தவள்தான், ஆனால் ஆஸ்பத்திரி மருந்தை மிச்சம் பிடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

மனைவியின் தம்பி மருந்துக்கடை வைத்திருந்தான். எந்தப் பல்லிக்கும் அங்கே தங்க அனுமதி உண்டு, எந்தத் தூசிக்கும் வெளியேற்றம் கிடையாது. யார் எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்று சொல்லிப் பழக்கமில்லாதவன். தும்மியவனுக்கும் ஆன்டிபயாட்டிக், தும்மப்போகிறவனுக்கும் ஆன்டிபயாட்டிக். ச்சீ சார் அந்தக் கடையில் அதுவரை ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கியதில்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் தானே நடந்து போய்க் கல்லாவுக்கு முன்னால் நின்றார். அவன் பதறிப்போய்த் துணியெடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான், துடைத்ததில் கண்ணாடி இன்னும் மங்கலானது.

“வாங்க மாமா! என்ன மாமா, சோதனையா?”

“சும்மா இருடா. ஒரு வேலை இருக்கு. உங்க அக்காவுக்குத் தெரியக்கூடாது.”

விஷயத்தைக் கேட்டதும் அவன் துடைத்த துணியைக் கீழே போட்டுவிட்டான். தன் கையிலிருந்து தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மாமா, தன் கையை நம்பி உயிரைக் கொடுக்கிறார்!

“ஒரே நாளா? ஐயோ, அநியாயம் மாமா! என் கடைக்கு வர்ற நாய்க்கடி கேஸுக்கே நான் ஒரு வாரம் குடுக்கிறேன். நீங்க கண்ணை மூடிப் படுங்க. மூக்குல டியூப் வைப்பாங்கல்ல? காலையில அக்கா பல் தேய்க்கப் போற நேரத்துல கேப்ஸ்யூலைப் பிரிச்சுத் தண்ணியில கரைச்சு உள்ள விட்டுடறேன். கிருமி இல்ல, கிருமியோட மாமனார்கூட இருக்கமாட்டான்.”

ஆபரேஷன் பகல் முழுக்க நடந்தது. நன்றாகவே நடந்தது என்றாள் டாக்டரம்மா. நன்றாக நடந்ததன் லட்சணம் அவருக்குக் கண் விழித்த பிறகு தெரிந்தது. கழுத்தில் மூச்சு விட ஓர் ஓட்டை. இருமினால் சளி அதன் வழியாகப் பீய்ச்சியடித்துப் போர்வையில் விழும். மூக்கில் குழாய். உதடு மரத்துப்போய், எச்சில் தாடையிலிருந்து நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. வாய்க்குள் தடித்துச் சில்லென்று ஏதோ கிடந்தது. நாக்கால் தொட்டார். தன் காலை நக்குகிறோம் என்று மூளைக்கு எட்டியதும் உடம்பு முழுக்க ஒரு உதறல் உதறியது. ச்சீ என்று சொல்லக் குரலும் இல்லை.

பேச முடியாதவர்களுக்கென்று அந்த வார்டில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. கயிற்றில் கட்டிய பேனாவோடு கட்டிலுக்குக் கட்டில் போகும். அதன் ஓரங்களில் காய்ந்த எச்சில் அடையடையாக ஒட்டியிருந்தது. எந்தெந்த வாயின் ஒழுக்கலோ! சிஸ்டர் நீட்டியபோது ச்சீ சார் கண்களை இறுக மூடிக்கொண்டார். தண்ணீர் வேண்டுமென்றால் விரல், வலி என்றால் புருவம், மற்றதெல்லாம் மனைவியின் ஊகம்.

அவள் சளைக்கவில்லை. சளி உறிஞ்சும் குழாயைக் கழுத்து ஓட்டைக்குள் விட ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். பாலும் முட்டையும் சத்துமாவும் கலக்கி, வடிகட்டி, டியூபில் ஊற்றினாள். மறுநாள் ஆஸ்பத்திரியின் ஆன்டிபயாட்டிக் நின்றது. அதற்கடுத்த காலையில் மைத்துனன் வந்தான். அக்கா டவலோடு வராண்டாவில் திரும்பியதும், சட்டைப்பையிலிருந்து சிரிஞ்சு, சின்ன பாட்டில், சிவப்பு கேப்ஸ்யூல். டியூப் வழியாக அது இறங்கும்போது ச்சீ சாருக்கு உள்ளே பினாயில் ஊற்றிக் கழுவியதுபோல நிம்மதியாக இருந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு வாரம் அந்தத் திருட்டு வைத்தியம் ஒழுங்காக நடந்தது.

பிறகு வயிறு இரைந்தது.

முதலில் தண்ணீர் மாதிரி. அடுத்தது பச்சையாக. அதற்கடுத்தது என்ன நிறம் என்று பார்க்க யாரும் நிற்கவில்லை. ஒரு காலில் கட்டு, எழுந்து ஓட வழியில்லை. பெட்பேன் வருவதற்குள் எல்லாம் படுக்கையிலேயே. அழுகிய முட்டைக்கோசைக் குதிரை லாயத்தில் வைத்து வேகவைத்தமாதிரி ஒரு நாற்றம். ஜன்னல் ஓரத்துக் கட்டில்காரர், நடக்கவே முடியாதென்று ஒரு மாதமாகப் படுத்திருந்தவர், தன் கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டதாக அந்த வார்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

சிஸ்டர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் அவரைப் புரட்டித் துடைத்தார்கள். துடைத்து முடிப்பதற்குள் மறுபடியும். ஊரின் அழுக்கையெல்லாம் சுட்டிக்காட்டிய மனிதர், கண்ணைத் திறக்கவே கூசினார். தன்னுடைய உடம்பிலிருந்து ஓடிப்போக முடிந்தால் சட்டையைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பார்.

“நீங்க ஊத்துற ஆகாரத்துலதாம்மா ஏதோ கோளாறு,” என்றாள் சிஸ்டர். “பாத்திரமெல்லாம் சுத்தமா கழுவுறீங்களா?”

டீச்சரின் முகம் சுருங்கிப்போனது. “சிஸ்டர், இவர் வீட்டுல குடித்தனம் பண்ணினவ நான். என்னைப் பார்த்துக் கேட்டுட்டீங்களே!” குரல் உடைந்து, திரும்பி நின்று அழுக்குத் துணியை வாளியில் முக்கினாள்.

ச்சீ சார் கேட்டார். கேட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் காய்ச்சல். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. மைத்துனன் வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்தான். அக்கா துணி அலசப் போயிருந்தாள்.

“மாமா, கிருமி உள்ள பூந்துடுச்சு போலிருக்கு. பயப்படாதீங்க. இனிமே ரெண்டு ரெண்டா விடறேன். வேற கம்பெனி சரக்கும் கொண்டாந்திருக்கேன்.”

அவன் சிரிஞ்சில் மருந்தை இழுப்பதற்குள் சிஸ்டர் டார்ச்சோடு வந்துவிட்டாள். அவன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவரிலிருந்த கடிகாரத்தை அதுவரை கடிகாரமே பாராதவன்போல ரசித்தான். சிஸ்டர் அவர் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். வேகமாக வெளியே போனாள். டாக்டரம்மாவோடு திரும்பினாள். பின்னாலேயே ஈரக் கையோடு மனைவி.

டாக்டரம்மா ஒரு ஊசியால் அந்தக் கால் தோலைக் குத்தினாள். காத்திருந்தாள். இன்னொரு இடத்தில் குத்தினாள்.

“ரத்தம் வரல,” என்றாள். “தோல் வெளிறிப்போச்சு. உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் கீழ வழியா போயிட்டா, இதயத்துலேருந்து இங்க வரைக்கும் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் வேணாமா? இப்படியே போனா சாயந்தரத்துக்குள்ள இது செத்துடும். செத்தா வாய்க்குள்ளேயே அழுகும். திறந்து வெட்டி எடுக்கணும். அதைத் தாங்குற நிலைமையில இவர் இல்ல.” பிறகு மனைவியைப் பார்த்தாள். “எதுவும் மறைக்காம சொல்லுங்கம்மா. டியூப்ல வேற என்ன ஊத்தினீங்க?”

“என் பொண்ணு மேல சத்தியமா பாலும் மாவும் முட்டையும்தான் டாக்டர்.”

காலி வீட்டில் ரவுடி. ச்சீ சாருக்குத் திடீரென்று பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த சந்து ஞாபகம் வந்தது. அங்கே வரிசையாக இருந்த சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளைச் சுத்தம் போதாதென்று ஒரே மூச்சில் மூடவைத்தவர் அவர்தான். பெஞ்சைத் துடைத்து, வாசலில் தண்ணீர் தெளித்து, எப்படியோ அந்தச் சந்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பிழைப்புகள் அவை. மூடிய மாதமே அந்த இடத்தில் குப்பை குவிந்தது, குடிகாரன் படுத்தான், பன்றி குட்டி போட்டது. அதற்குப் பிறகு அவரே அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுகூடப் போனதில்லை.

மைத்துனன் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான். டாக்டரம்மா போய்விட்டால் அந்த ரெண்டு ரெண்டும் உள்ளே இறங்கிவிடும்.

ச்சீ சார் கட்டில் கம்பியை முஷ்டியால் அடித்தார். எல்லோரும் திரும்பினார்கள். அவனைக் கை காட்டினார்.

“தம்பி போகட்டுமாங்க?” என்றாள் மனைவி.

இல்லை என்று தலையை ஆட்டினார். வயிற்றைக் காட்டினார், மூக்கைக் காட்டினார்.

“மூக்கு அரிக்குதா? நாத்தமா? ஃபேன் போடவா?”

பக்கத்துக் கட்டிலின் மேல் அந்தப் பலகை கிடந்தது. அப்போதுதான் அங்கிருந்த மனிதர் எதையோ எழுதி முடித்து, அதன்மேலேயே இருமி வைத்திருந்தார். மஞ்சளாக ஒரு சொட்டு ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ச்சீ சார் எட்டி அதைப் பிடித்து இழுத்தார். கட்டை விரல் நேராக அந்தச் சொட்டில் போய் அழுந்தி வழுக்கியது. வயிற்றிலிருந்து ஒரு ஓங்கரிப்பு கிளம்பிக் கழுத்து ஓட்டை வரை வந்து நின்றது. பிசுபிசுத்த பேனாவைப் பிடித்துக் கோணல்மாணலாக எழுதினார்: ‘இவன் டெய்லி ஆன்டிபயாட்டிக் விடுறான்.’

மைத்துனனின் கையிலிருந்து சிரிஞ்சு கீழே விழுந்து உருண்டது.

“அக்கா… நானா ஒண்ணும் பண்ணலக்கா…”

ச்சீ சார் பலகையைத் திரும்ப இழுத்துக் கீழே இன்னொரு வரி எழுதினார்: ‘நான்தான் கேட்டேன்.’

டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். “கஞ்சத்தனத்துலயா சார் ஒரு நாள் போதும்னு சொன்னோம்?” அதற்குமேல் திட்ட அவளுக்கு நேரமில்லை. இரண்டு கைகளிலும் சலைன் ஏற்றச் சொன்னாள், மலத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னாள், அவரைத் தனி அறைக்கு மாற்றச் சொன்னாள். அந்த ரவுடிக் கிருமியைக் கொல்லத் தனியாக ஒரு மருந்து உண்டென்றாள். அதுவும் ஆன்டிபயாட்டிக்தான் என்று கேட்டபோது மைத்துனனின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது, அக்காவைப் பார்த்ததும் அணைந்தது.

“நீ வீட்டுக்கு வா, உன்னை வச்சுக்கிறேன்,” என்றாள் அக்கா. அவன் போனான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“முப்பது வருஷம் நான் கழுவின டம்ளரைத் திரும்பக் கழுவினீங்க. என் தம்பி கடையில பல்லி எச்சம் பட்ட மாத்திரை மட்டும் கழுவாம உள்ள போயிடுச்சா? அந்த சிஸ்டர் என்னைக் கேட்டப்போ கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தீங்க?”

அவர் தலையசைத்தார்.

“தெரியும். கண்ணை அவ்வளவு இறுக்கமா யாரும் தூக்கத்துல மூட மாட்டாங்க.”

தனி அறையில் சலைன் இறங்கியது. அந்தக் கிருமிக்கு ஸ்பிரிட் தடவினால் போதாது, சோப்பும் தண்ணீரும்தான் என்று சிஸ்டர் சொன்னதால், மனைவி அவரைத் தொடும்போதெல்லாம் போய்க் கையைத் தேய்த்துக் கழுவினாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயின. திட்டுவதையும் நிறுத்தவில்லை, துடைப்பதையும் நிறுத்தவில்லை. சிஸ்டர் அவ்வப்போது வந்து ஊசியால் குத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த முறை, குத்திய இடத்தில் தெளிநீர் மாதிரி ஏதோ கசிந்தது. ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைக்கச் சொல்லியிருப்பதாக வராண்டாவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். ச்சீ சாரின் கை தானாகப் போய் மனைவியின் ஈரக் கையைப் பிடித்தது.

ஜன்னலில் வெயில் சாயும்போது டாக்டரம்மாவே வந்தாள். அழுத்தத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டிக்கொண்டாள், ஊசியை எடுத்தாள்.

“வாயைத் திறங்க சார்.”

திறந்தார். உள்ளே எப்படி நாறுகிறதென்று அவருக்கே தெரிந்தது. மனைவி டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்தாள். அவள் மூக்கு அவர் உதட்டைத் தொடும் அளவுக்குக் கிட்டே வந்தது. எச்சில் வழிந்து அவள் மணிக்கட்டில் இறங்கியது.

ஊசி குத்தியது அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தோலுக்கு உணர்ச்சி கிடையாது. நாக்கின் மேல் ஏதோ வெதுவெதுப்பாகச் சொட்டி, உப்புக் கரித்தது.

“நல்ல சிவப்பு,” என்றாள் டாக்டரம்மா, விலை படிந்த குரலில். “பிழைச்சுக்கும். தியேட்டரை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுங்க.” ஊசியைத் தட்டில் போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

ச்சீ சார் வாயை மூடப் போனார்.

“இருங்க, மூடாதீங்க,” என்றாள் மனைவி டார்ச்சைத் தாழ்த்தாமல். “நான் இன்னும் சரியா பார்க்கல.”